பெட்டி திறக்கும் வரை: ஆனைமலை வழியாகத் தாராபுரம்

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்பிய இரண்டு நாள் பயணம் இது. கோவையிலிருந்து ஆனைமலை, அங்கிருந்து உடுமலை வழியாகத் தாராபுரம், மறுபடி ஆனைமலை, கோவை. கோயிலுக்குப் போகவில்லை என்று சொல்ல முடியாது, இரண்டு முறை போனோம். ஆனால் கிளம்பிய காரணம் வேறு. ஒரு செயற்கைக்கோள் முதல்முறையாகக் கூப்பிடுவதைக் கேட்கப் போனோம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: என் பெயர் காதர். கோவை கோட்டைமேட்டில் வீடு, டவுன்ஹால் பக்கம் ஹார்டுவேர் கடை. ஸ்க்ரூ, டிரில் பிட், டேப், பசை விற்கிறவன். கடையை மகனிடம் விட்டுவிட்டு மாதத்துக்கு ஒரு ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுவேன். பேய், பிசாசு, பில்லி, சூனியம் எதையும் இதுவரை எழுதியதில்லை. எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்ததுதான் உண்டு. இந்த ஒரு கட்டுரைக்காக என்னை யாரும் கிண்டல் செய்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இதில் வரும் மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது யாழினிதான். "என்ன வந்தாலும் வரட்டும் மாமா, நடந்தது நடந்தபடி எழுதுங்க" என்றாள்.

யாழினி யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்துவின் ஒரே மகள். இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். செயற்கைக்கோள் என்றதும் வீடு அளவுக்குப் பெரிசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கால்படி டப்பா அளவுதான், கையில் ஏந்திக்கொள்ளலாம். பெயர் 'சிட்டு'. அதன் ஏரியலுக்கு ஸ்டீல் அளவு டேப்பைத்தான் வெட்டிப் போட்டார்கள், சுருட்டி வைத்தால் அடங்கும், விட்டால் விறைத்து நிற்கும். அந்த டேப் என் கடையில் வாங்கியது. அதனால் எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அலுமினியச் சட்டத்தைத் தன் மெஷினில் வெட்டிக் கொடுத்தது நாச்சிமுத்து. இருபது வருஷத்துக்கு மேல் என் வாடிக்கையாளர். கடைக்கு வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டார், டீக்குக் காசு கொடுக்கவும் விடமாட்டார். சட்டத்தை முடித்துக் கொடுத்த பத்தாம் நாள், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எரித்து, எலும்பு பொறுக்கி, கொடுமுடியில் காவிரியில் கரைத்தார்கள். நானும் போயிருந்தேன்.

சிட்டு அதன் பிறகு எங்கெங்கோ பயணப்பட்டு ஒரு சரக்குக் கலத்தில் ஏறியது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு, துணிமணி, உதிரிப்பாகம் கொண்டு போகும் வண்டி அது, ஆள் ஓட்டுவதில்லை. நம்ம ஊர் மினி லாரி போலத்தான், போகும்போது சரக்கு, திரும்பும்போது குப்பை. நிலையத்தோடு சில மாதம் ஒட்டி நிற்கும். பிறகு பிரிந்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, தன் உடம்பில் மாட்டியிருக்கும் பெட்டிகளின் கதவைத் திறக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ள, சின்னச் செயற்கைக்கோள்கள் வெளியே வந்து தம் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த வேலை முடிந்ததும் வண்டி கீழே இறங்கி, குப்பையோடு சேர்ந்து வானத்திலேயே எரிந்துவிடும். கதவு திறக்காத பெட்டி எதுவும் இருந்தால் அதுவும் கூடவே எரியும்.

கலம் கிளம்பிப் போன வாரம், நாச்சிமுத்துவின் மனைவி மரகதம் என் கடைக்கு வந்தார். "பாய், பட்டறை ஷட்டரு தானா ஆடுதுங்க" என்றார். வீட்டை ஒட்டித்தான் பட்டறை. நாச்சிமுத்து போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

"லாரி போனா ஆடத்தான் செய்யும் மரகதம்மா."

"லாரி தெனமும் ஒரே நேரத்துக்கா போகுது? நேத்துப் பொழுதோட ஆறு மணி. இன்னிக்கு அஞ்சு சொச்சம். நாளைக்கு அதுக்கும் முன்னாடி பாருங்க. நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னாடியே வர்றாருங்க."

சும்மா ஆறுதலுக்காக மறுநாள் போய் உட்கார்ந்தேன். நாலேகாலுக்கு மேல் இருக்கும், ஷட்டர் உள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு முறை அதிர்ந்தது. ரோட்டில் ஒரு லாரியும் போனது. லாரிதான் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மரகதம் லாரியை நம்பவில்லை. எலும்பு பொறுக்கியபோது யாரோ ஒரு பிடி சாம்பலை எடுத்துவிட்டார்கள், மை வைக்கவோ மாந்திரீகம் செய்யவோ, அதனால்தான் மனுஷர் போகாமல் நிற்கிறார் என்று முடிவு கட்டினார். எங்கள் வட்டாரத்தில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். ஆனைமலைக்குப் போய், அங்கேயே ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து, மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தார். எடுத்தவனுக்கு எரியட்டும், எடுத்தது திரும்பட்டும். கேட்டது நடந்தால் திரும்பப் போய் எண்ணெய்க் காப்பு வைத்து அந்த எரிச்சலைக் குளிர்விக்க வேண்டும். அது வரைக்கும் எரியும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னபோதுதான் யாழினி உண்மையைச் சொன்னாள். எடுத்தது அவள். ஒரு சிட்டிகை. அப்பா வெட்டிய சட்டத்தில் பயன்படாத ஒரு துளை இருந்தது. அதில் போட்டு, ஸ்க்ரூ வைத்துப் பசை போட்டு மூடிவிட்டாள். கூடச் செய்த பிள்ளைகளுக்கும் தெரியாது. அப்பா செய்தது மேலே போகிறது, அப்பாவும் போகட்டும் என்று ஆசையில் செய்தது. அதோடு, அம்மா சொன்ன ஷட்டர் நேரங்களைத் தன் போனில் ஒத்துப் பார்த்திருக்கிறாள். சிட்டு போன கலம் ஒட்டி நின்ற விண்வெளி நிலையம் கோவைக்கு மேலே கடந்துபோகும் நேரம் நாளுக்கு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அம்மா சொன்ன ஒவ்வொரு நேரமும் அதோடு பொருந்தியது.

அன்றையிலிருந்து மரகதம் மகளோடு பேசவில்லை. கோபம் இல்லை, பயம். பெற்ற பிள்ளைக்கே மிளகாய் அரைத்துவிட்டோம் என்ற பயம். யாழினிக்கு இரண்டு உள்ளங்கையும் சிவந்து வெடித்திருந்தது. தோல் டாக்டர் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்தப் பசையும் என் கடைச் சரக்குதான். நான் இருபது வருஷமாக அதைக் கையில் ஒட்டிக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

ஆக, சிட்டுவை வெளியே விடும் நாள் வந்தபோது தாய்க்கு ஒரு வேண்டுதல், மகளுக்கு ஒரு வேண்டுதல். பெட்டி திறக்கக்கூடாது, வண்டியோடு எரிந்து சாம்பல் கரைந்தால் கேட்டது கிடைத்த மாதிரி, எண்ணெய் வைத்து மகளைக் காப்பாற்றிவிடலாம் என்பது தாய்க்கு. பெட்டி திறந்தே ஆக வேண்டும், இரண்டு வருஷ உழைப்பு, அப்பாவின் கடைசி வேலை என்பது மகளுக்கு. முதல் சத்தத்தை அப்பாவின் சொந்த ஊர்த் தோட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்று யாழினி சொன்னாள். ஆனைமலை வழியாகப் போனால் வருகிறேன் என்று மரகதம் என்னிடம் சொன்னார், மகளிடம் சொல்லச் சொல்லி. இப்படித்தான் நான் இந்தப் பயணத்தில் சேர்ந்தேன்.

கணபதியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வாடகை வண்டி, இரண்டு நாளைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு, டிரைவர் பேட்டா தனி. டிரைவர் ரங்கசாமி, பல்லடத்துக்காரர். சிட்டுவின் சத்தத்தைப் பிடிக்க யாழினி செய்திருந்த கை ஏரியலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, மீன் முள்ளாட்டம் இருக்குது, இதை எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டு அதைத் தலையணை போட்டுப் பின்சீட்டில் படுக்க வைத்தார். உக்கடம் தாண்டும்போதே அரை மணி போய்விட்டது. கிணத்துக்கடவுக்கு அப்புறம் ரோடு நன்றாக இருக்கிறது. பொள்ளாச்சியில் எட்டே முக்காலுக்கு டிபன், நாலு பேருக்கு முந்நூற்றுப் பத்து. மரகதம் ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினார்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வெயிலே தெரியாது. வியாழக்கிழமை ஆனதால் கூட்டமில்லை. நான் வெளியே நின்றுகொண்டேன். மிளகாய் நெடி கேட் வரைக்கும் வந்து தொண்டையைப் பிடித்தது.

"உள்ள அம்மன் படுத்தாப்டி இருக்கறாங்க, பாத்திருக்கறீங்களா?" என்றார் ரங்கசாமி. "மல்லாக்கப் படுத்துட்டு மேல பாத்துட்டே இருப்பாங்க. சின்னப் பையனா இருக்கறப்ப எனக்கு அதுதான் பயம். அப்பிடி என்னத்தத்தான் மேல பாக்கறாங்கன்னு."

யாழினி வண்டியை விட்டு இறங்கவில்லை. கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணியில் மரகதம் திரும்பி வந்தார். கையில் எண்ணெய் பாட்டில் அப்படியே இருந்தது. "முன்கூட்டியே வெக்கலாமான்னு கேட்டுப் பாத்தேனுங்க பாய். கேட்டது கெடைச்சாத்தான் எண்ணெய்ங்கறாங்க. கெடைக்காம வெக்கக்கூடாதாமா" என்றார். ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "அந்தப் பெட்டி தொறக்காமப் போறதும் உண்டுங்களா?"

"உண்டும்மா" என்று முன்சீட்டிலிருந்து யாழினி சொன்னாள். மரகதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனைமலையிலிருந்து உடுமலை வழியாகத் தாராபுரம் எண்பது கிலோமீட்டர் அளவில் வரும். உடுமலையில் மதியம் சாப்பிட்டு, வெயில் தாழட்டும் என்று இருந்துவிட்டு இரண்டரைக்குத்தான் கிளம்பினோம். உடுமலை தாண்டியதும் பசுமை குறைந்துகொண்டே வந்து, வெள்ளைக் காற்றாலைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆடி மாதம் போனால் அத்தனையும் சுற்றும், பேச்சுக் குரலே கேட்காது. பங்குனியில் ஒன்றும் அசையவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மூன்று கைகளையும் விரித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து மறந்தவர்கள்போல் நின்றன. இப்படிக்கூட நான் எழுதுவேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் அந்த ரோட்டில் அப்படித்தான் தோன்றியது.

மூன்று மணிக்கு மேல் யாழினியின் போனுக்குச் செய்தி வந்தது. வண்டியிலிருந்த இரண்டு பெட்டிகளில் முதலாவது திறந்துவிட்டது, படமும் வந்துவிட்டது. இரண்டாவது பெட்டிக்குக் கட்டளை அனுப்பியாயிற்று, ஆனால் கதவு திறந்ததா என்ற பதில் இன்னும் வரவில்லை. சிட்டு இருந்தது இரண்டாவதில். அது வெளியே வந்திருந்தால் முக்கால் மணியில் டேப் ஏரியல் விரிந்து தன் பெயரைத் தந்தி மாதிரி அடிக்கத் தொடங்கும். நமக்கு மேலே வருவது மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு. கேட்டால் வெளியே இருக்கிறது. கேட்காவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டது.

இதை நான் மரகதத்திடம் சொன்னேன். அவர் எண்ணெய் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்சீட்டில் யாழினி நகத்தைக் கடித்தாள், களிம்பின் கசப்பு பட்டிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். ஒரே காருக்குள் நேர் எதிராக இரண்டு பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு ஆமீன் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம், அறைக்குத் தொள்ளாயிரம். சுத்தம் பரவாயில்லை. ஐந்தே காலுக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். மூலனூர் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் போய் இடது பக்கம் மண் தடத்தில் ஒன்றரை. நாச்சிமுத்து விட்டுப்போன நாலு ஏக்கர், இப்போது மானாவாரி, சோளத்தட்டு அறுத்த தரை. கிணறு, தகரக் கதவு போட்ட ஒரு மோட்டார் ரூம், சுற்றிக் கிளுவை வேலி. மயில்கள் நிறைய, அகவிக்கொண்டே இருந்தன.

யாழினி ஏரியலைப் பிடித்துக்கொண்டு தென்மேற்கே திரும்பி நின்றாள். லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். திரையில் மழை பெய்வதுபோல் புள்ளிகள், ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். மரகதம் எங்களுக்கு முதுகு காட்டிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இருட்டவில்லை.

ஆறு ஐம்பத்திரண்டு. இரைச்சல். ஐம்பத்து மூன்று. இரைச்சல். அந்த வெடித்த உள்ளங்கையில் ஏரியலின் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாழினிக்கு எப்படி எரிந்திருக்குமோ. "வரமாட்டேங்குது மாமா" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் மயில்கள் நின்றுவிட்டன என்பது எனக்கு உறைத்தது. எப்போது நின்றன என்று தெரியாது. காற்றில்லை. காரோரம் நின்ற ரங்கசாமி பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

மரகதம் திரும்பாமலே சொன்னார், "வந்துட்டாருங்க."

மோட்டார் ரூம் தகரக் கதவு உள்ளிருந்து இரண்டு முறை அதிர்ந்தது.

இரண்டாவது அதிர்வு அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒன்று கிளம்பியது. மெல்லிய கீச்சுக் குரலில், நீட்டியும் நிறுத்தியும், நீட்டியும் நிறுத்தியும். யாழினி ஏதோ கத்தினாள், என்ன வார்த்தை என்று கூட நினைவில்லை. சிட்டு தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வர வரச் சத்தம் கூடியது, கடந்து போகத் தொடங்கியதும் சுருதி இறங்கியது. வேகமாகப் போகும் எதன் சத்தமும் அப்படித்தான் இறங்கும் என்று யாழினி பின்னால் சொன்னாள். எனக்கு அப்போது, பேசிக்கொண்டே தெருமுனை திரும்பும் ஒருவரின் குரலாகத்தான் கேட்டது. பயம் வந்தால் நாங்கள் ஓதும் ஆயத்துல் குர்ஸியை இரண்டு முறை ஓதினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

மோட்டார் ரூமைப் போய்ப் பார்த்தேன். ரங்கசாமியும் டார்ச்சோடு வந்தார். வெளியே பூட்டு. ஜன்னல் கிடையாது. "பெருச்சாளியா இருக்குமுங்" என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சத்தம் முழுதும் அடங்கிவிட்டது. மரகதம் மேட்டிலிருந்து இறங்கி வந்து மகள் முன்னால் நின்றார்.

"வெளிய வந்துருச்சா கண்ணு?"

பல மாதத்துக்குப் பிறகு தாய் மகளிடம் பேசிய முதல் பேச்சு. யாழினிக்கு அழுகை நிற்கவில்லை. "வந்துருச்சும்மா."

"எத்தனை வருசம் சுத்தும்?"

"மூணு இருக்கும். நாலும் ஆகலாம். அப்பறம் தானா எறங்கி எரிஞ்சுபோயிரும்."

"அது வரைக்கும் தெனமும் வருமா?"

"வரும்மா."

மரகதம் மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் ரத்தம் கசிந்திருந்தது. "செரி, வா, போலாம்" என்று மட்டும் சொன்னார்.

காலை ஆறரைக்கு லாட்ஜ் வாசல் டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது மரகதம் குளித்துத் தலைமுடிந்து வந்தார். "பாய், வண்டிய ஆனைமலைக்கு உடச் சொல்லுங்க. எண்ணெய் வெச்சுப்போட்டு ஊருக்குப் போலாம்."

"கேட்டது கிடைச்சாத்தானே வைக்கணும் மரகதம்மா?"

"கெடைச்சிருச்சுன்னு சொல்லிப்போடறேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினார். "அவருக்கு இன்னும் மூணு வருசம், நாலு வருசம். அலையட்டும். பொறுத்துக்குவாரு, அவரு அப்பிடிப்பட்ட மனுசன்தான். புள்ளைக்குத் தாங்காதுங்க பாய். நேத்து ரத்தம் பாத்தீங்கல்ல? அம்மன்கிட்டப் போயி எனக்குச் சேர வேண்டியது சேந்துருச்சுன்னு சொல்லீருவேன்."

"அங்கே போய்ப் பொய் சொல்லலாமா?"

"கல்லு முன்னாடி நின்னு பொய் சொன்னா, அரைச்ச மொளகா அரைச்சவீங்களுக்கே திரும்பும்னு எங்கம்மா சொல்லுவாங்க. திரும்பட்டும். என்ற கையிதானுங்க அரைச்சது." டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று படியேறும்போது சொன்னார். இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதுதான் யாழினிக்குத் தெரியவரும். நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னவள் அவள்தான்.

மீதிக் கதைக்கு முன்னால், போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பஸ்ஸில் போவதென்றால் ஆனைமலைக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி அங்கே மாறுங்கள். காந்திபுரத்தில் நின்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளி, அமாவாசைகளில் கோயிலில் கூட்டம் தாங்காது. மிளகாய் நெடிக்கு இருமல்காரர்கள் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். தாராபுரத்தில் அமராவதிக் கரையைப் பார்க்க மாலை நல்லது, பங்குனியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செயற்கைக்கோள் கேட்க விரும்புகிறவர்களுக்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை: லேப்டாப்பில் செருகும் ஒரு சின்ன ரிசீவர், அலுமினியக் கம்பி, பிளாஸ்டிக் பைப், பழைய அளவு டேப். மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். நகரத்துக்குள் மின்சார இரைச்சலில் ஒன்றும் கேட்காது, மேடான வெட்டவெளியாகப் பாருங்கள். கடந்துபோகும் நேரம் போனிலேயே கிடைக்கும். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது ஏரியல் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு ஆனைமலை. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. யாழினி இந்த முறை தாயோடு உள்ளே போனாள், தாய் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரும்பும்போது பாட்டில் காலி. யாழினி முகம் தெளிந்திருந்தது. "பூசாரி கேட்டதுக்கு, கெடைச்சுதுங்க சாமின்னு அம்மா சொல்லிட்டாங்க மாமா. சிட்டு வந்தது அம்மாவுக்கும் சந்தோசந்தான்" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஜும்ஆ தொழுகைக்குள் பொள்ளாச்சி போய்விடலாம் என்று ரங்கசாமி வண்டியை விரட்டினார். யாழினி பின்சீட்டில் ஏரியலுக்குப் பக்கத்தில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன, சிவப்பு வடிந்திருந்ததுபோல் எனக்குப் பட்டது. தென்னந்தோப்பு நிழலில் கண் ஏமாந்திருக்கலாம்.

மரகதம் ஜன்னல் கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு, வலது கையை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு வந்தார்.

"எதிர்க்க லாரி வருதுங்க, கைய உள்ள எடுத்துக்குங்க" என்றார் ரங்கசாமி.

எடுத்தார். லாரி தாண்டியதும் மறுபடி நீட்டினார். விரல்களை அகல விரித்து, காற்றை அள்ளுவதுபோல்.

"எரியுதா மரகதம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க பாய்" என்றார் மரகதம். பொள்ளாச்சி வரைக்கும் கை வெளியேதான் இருந்தது.